விண்ணுக்குப் போய் வந்த உலோகம்: நினைவுச் சின்னமா, மோசடிச் சரக்கா?

காசிக்குப் போனவர்கள் கங்கைச் சொம்பு கொண்டு வருகிறார்கள். பண்டரிபுரம் போனவர்கள் துளசிமணி மாலை வாங்கி வருகிறார்கள். ராமேசுவரம் போனவர் சங்கு இல்லாமல் வீடு திரும்புவதில்லை. போய் வந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். அதைக் கூடத்து அலமாரியில் வைத்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும். இது மனித சுபாவம்.

சந்திரனுக்குப் போய் வந்தவர்களுக்கும் இதே சுபாவம்தான்! அவர்கள் கொண்டு வந்த கல்லும் மண்ணும் அரசாங்கத்தின் சொத்தாகிவிட்டன. ஆனால் அவர்களைச் சுமந்து போன கலத்தின் உலோகம், தகடு, துணி, ஓடு ஆகியவற்றிலிருந்து செய்த நினைவுப் பொருள்களுக்கு இன்று உலகமெங்கும் கிராக்கி இருக்கிறது. கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். "நாசாவுக்கு வேண்டிய உலோகம்" என்ற பெயரில் நம் நாட்டிலும் ஏமாந்து பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆகவே எது அசல், எது போலி என்பதை மாதச் சம்பளக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிலாளிக்குக் கிடைத்த பதக்கம்

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் அப்பல்லோ 11 கலத்தில் மூன்று பேர் சந்திரனுக்குப் புறப்பட்டார்கள். ஆம்ஸ்டிராங், ஆல்டிரின், காலின்ஸ் ஆகிய அந்த மூன்று பெயர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பல்லோ திட்டத்துக்காக உழைத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். வெல்டர், பிட்டர், தையல் வேலை செய்த பெண்கள், ஸ்டோர் கீப்பர், குமாஸ்தா என்று எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

இவர்களுக்கு என்ன மரியாதை செய்வது? நாசா நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. விண்வெளிக்குப் போய் வந்த உலோகத்தை உருக்கி, அதை வேறு உலோகத்தோடு கலந்து, பதக்கங்களாக அச்சடித்தது. அவற்றை நாசாவிலும் அதன் கான்டிராக்ட் கம்பெனிகளிலும் வேலை செய்தவர்களுக்கு வழங்கியது. "நீ முடுக்கிய திருகு சந்திரன் வரை போய் வந்தது, அதில் ஒரு துளி இதோ உன் கையில்" என்பதுதான் அந்தப் பதக்கத்தின் பொருள்.

திரும்பி வந்த கலத்தின் வெளிப்புறத்தில் காப்டன் என்ற மெல்லிய பளபளப்பான தகடு ஒட்டியிருந்தது. உள்ளே வருவதற்குள் பாதி எரிந்து போனது. மீதி கிழிந்து தொங்கியது. குப்பைக்குப் போக வேண்டிய அந்தத் தகட்டின் துணுக்குகளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்து நினைவுப் பொருளாக்கினார்கள். நகக்கண் அளவுள்ள துணுக்குக்கும் இன்று ஏலத்தில் விலை உண்டு.

பின்னால் வந்த ஷட்டில் விண்கலங்களின் காலத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. சரக்கு அறையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை வெட்டிப் புத்தகத்தில் வைக்கும் அடையாளப் பட்டையாக ஊழியர்களுக்குத் தந்தார்கள். ஷட்டில்கள் ஓய்வு பெறும் தறுவாயில், 2010-ம் ஆண்டு, அவற்றின் வெப்பக் காப்பு ஓடுகளை அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளுக்கு நாசா இலவசமாகவே கொடுத்தது. அனுப்பும் செலவுக்கு மட்டும் 23 டாலர் 40 சென்ட் கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்!

ஒரு குடம் தண்ணீர், ஒரு கரண்டி கங்கை

இதுவரை சொன்னது மரியாதைக்காகச் செய்தது. வியாபாரம் உள்ளே நுழைந்ததும் கதை மாறியது.

1971-ம் ஆண்டு அப்பல்லோ 14 விண்கலத்தில் சில வெள்ளிப் பதக்கங்கள் சந்திரனுக்குப் போய் வந்தன. அவற்றை அச்சடித்தது பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் கம்பெனி. திரும்பி வந்த பதக்கங்களில் ஒரு பகுதியை அந்தக் கம்பெனி உருக்கியது. அதோடு ஏராளமான சாதாரண வெள்ளியைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு நாணயங்களாக அச்சடித்தது.

ஒரு கரண்டி கங்கை நீரை ஒரு குடம் தண்ணீரில் ஊற்றினால் குடம் முழுவதும் புனிதம் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். வெள்ளி விஷயத்திலும் அதே கணக்குத்தான். அந்த நாணயத்தில் சந்திரனுக்குப் போய் வந்த வெள்ளி எவ்வளவு? கண்ணுக்குத் தெரியாத அளவு. இருந்தாலும் "சந்திரனுக்குப் போய் வந்த வெள்ளி கலந்தது" என்று சொன்னால் அது பொய்யில்லை. வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய சொல் "கலந்தது" என்பதுதான்.

வீரர்களின் வேலைக்கே வந்த வினை

அதே 1971-ம் ஆண்டில் அப்பல்லோ 15 பறந்தது. ஸ்காட், வோர்டன், இர்வின் என்ற மூன்று வீரர்களும் சுமார் 400 தபால் உறைகளை அனுமதி இல்லாமல் கூடவே எடுத்துப் போனார்கள். திரும்பி வந்ததும் அதில் 100 உறைகள் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு தபால்தலை வியாபாரியின் கைக்குப் போயின. வீரர்கள் ஒவ்வொருவருக்கும் சுமார் 7,000 டாலர் என்று பேச்சு. உறைகள் விற்பனைக்கு வந்ததும் விஷயம் அம்பலமாகிவிட்டது. பணத்தை அவர்கள் ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். ஆனாலும் 1972-ல் நாசா அவர்களைக் கண்டித்தது. மூவரில் ஒருவரும் மறுபடி விண்வெளிக்குப் போகவே இல்லை.

சந்திரனில் நடந்தவருக்கே ஒரு காகித உறை இந்தப் பாடு படுத்தியது!

மியூசியத்தில் மரத்துண்டு

நெதர்லாந்து நாட்டின் புகழ்பெற்ற ரைக்ஸ் மியூசியத்தில் ஒரு "சந்திரக் கல்" இருந்தது. 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் அந்த நாட்டுக்கு வந்த சமயத்தில் முன்னாள் பிரதமர் ஒருவருக்குக் கிடைத்தது என்று சொல்லப்பட்டது. அவர் காலத்துக்குப் பிறகு மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. 2009-ம் ஆண்டு நிபுணர்கள் அதைச் சோதித்தார்கள். அது சந்திரக் கல்லே இல்லை. கல்லாக இறுகிப்போன மரத்துண்டு! பெரிய மியூசியமே ஏமாறும்போது சாமானியர் என்ன செய்வார்?

அசல் கல்லுக்கும் ஆபத்து உண்டு. அப்பல்லோ 11 கொண்டு வந்த மண்ணில் நான்கு துகள்களையும், சந்திரனுக்குப் போய் வந்த அந்தந்த நாட்டுக் கொடியையும் ஒரு பலகையில் பதித்து 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அமெரிக்கா பரிசளித்தது. அப்பல்லோ 17 கொண்டு வந்த பாறையில் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட துண்டுகளையும் பின்னர் அதேபோல வழங்கியது. இந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு.

ஹோண்டுராஸ் நாட்டுக்குக் கொடுத்த கல் எப்படியோ தனியார் கைக்குப் போனது. 1998-ல் அமெரிக்க அதிகாரிகள் "சந்திரக் கல் வாங்கப்படும்" என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தூண்டில் போட்டார்கள். 50 லட்சம் டாலர் கேட்டு ஒருவர் வந்தார். மியாமி நகரில் கல் பிடிபட்டது. பிறகு அது ஹோண்டுராசுக்கே திரும்பிப் போனது.

நேர்மையான வழியில் கைமாறியதும் உண்டு. ரஷியாவின் லூனா 16 கலம் 1970-ல் கொண்டு வந்த மூன்று சிறு துகள்கள் 1993-ல் ஏலத்துக்கு வந்து 4,42,500 டாலருக்கும், 2018-ல் மறுபடியும் ஏலம் போய் 8,55,000 டாலருக்கும் விற்றன. ஆம்ஸ்டிராங் சந்திரனில் முதல் மண்ணை அள்ளிப் போட்ட பை அரசாங்க ஏலத்தில் தவறுதலாக 995 டாலருக்குப் போனது. அதை வாங்கிய பெண்மணி கோர்ட்டில் போராடித் தன் உரிமையை நிலைநாட்டினார். 2017-ல் அது 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது!

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

1969 அக்டோபரில் அப்பல்லோ 11 வீரர்கள் பம்பாய்க்கே வந்தார்கள். சந்திர மண்ணும் பம்பாய்க்கு வந்தது; நினைவுப் பொருளாக அல்ல, ஆராய்ச்சிக்காக. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தேவேந்திர லால் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள்.

1975 ஏப்ரல் 19-ல் ஆரியபட்டா செயற்கைக் கோள் பறந்தது. அதன் படம் இரண்டு ரூபாய் நோட்டில் இடம் பெற்றது. அந்தக் காலத்தில் சம்பளக் கவரில் அந்த நோட்டைக் காணாதவர் யார்? ஆனால் ஆரியபட்டா திரும்பி வரவில்லை. 1992-ல் காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்து போனது. படம்தான் மிச்சம்.

விண்ணுக்குப் போய் வந்ததைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் டெல்லிக்குப் போகலாம். 1984 ஏப்ரல் 3-ல் சோயுஸ் டி-11 விண்கலத்தில் புறப்பட்ட ராகேஷ் சர்மா, ஏப்ரல் 11-ல் சோயுஸ் டி-10 கலத்தில் பூமிக்குத் திரும்பினார். அந்தக் கலமும் அவர் அணிந்த உடையும் டெல்லி நேரு கோளரங்கத்தில் வைக்கப்பட்டன. கலத்தின் மேல் தீ பட்டுக் கருகிய தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்புதான் அசலுக்கு அத்தாட்சி.

நம்முடைய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் போய்த் திரும்பிய பொருள் உண்டு. 2007 ஜனவரி 10-ல் ஏவிய 550 கிலோ எடையுள்ள கலம் 12 நாள் விண்ணில் சுற்றி, ஜனவரி 22-ல் வங்காள விரிகுடாவில் வந்து விழுந்தது. அதைக் கடலிலிருந்து பத்திரமாக மீட்டார்கள். 2014 டிசம்பர் 18-ல் மனிதர்கள் அமரும் கலத்தின் மாதிரி ஒன்று ஏவப்பட்டது. அது அந்தமான் அருகே கடலில் இறங்கியது. கப்பலில் ஏற்றி எண்ணூர் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் கிடைக்கும் பாறை சந்திரனின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துச் செயற்கைச் சந்திர மண் தயாரித்து, அதன் மேல்தான் சந்திரயான் வண்டியை ஓட்டிப் பழக்கினார்கள். அந்த மண் விண்ணுக்குப் போகவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான் 3 இறங்கியபோது அதற்கு ஒத்திகை பார்த்த மண் கொங்கு நாட்டு மண்தான்! அத்திட்டத்தின் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரெயில்வே தொழிலாளியின் மகன்.

புனேயின் பங்கு

விண்வெளி என்றதும் பெங்களூர், ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம் என்றுதான் நினைப்பு ஓடும். புனேக்கும் பங்கு உண்டு.

ராகேஷ் சர்மா 1966-ல் பயிற்சிக்குச் சேர்ந்தது கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில். 2025 ஜூன் 25-ல் புறப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலை 15-ல் திரும்பிய சுபான்சு சுக்லாவும் அங்கே படித்தவர்தான். தம்மோடு விண்ணுக்கு எடுத்துச் சென்ற தேசியக் கொடியை அவர் ஆகஸ்டு மாதம் பிரதமரிடம் கொடுத்தார். ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் கடக்வாஸ்லா மாணவர். புனேயைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பெருமைப்படலாம்.

புனே என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் செய்த "ஸ்வயம்" என்ற சிறு செயற்கைக் கோள் 2016 ஜூன் 22-ல் பறந்தது. எடை ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதே ராக்கெட்டில் சென்னை சத்தியபாமா பல்கலைக் கழக மாணவர்களின் செயற்கைக் கோளும் கூடவே போனது. புனேயும் சென்னையும் ஒரே வண்டியில் டிக்கெட் எடுத்த மாதிரி!

இந்தாப்பூர் தாலுகாவில் உள்ள வால்சந்த்நகர் தொழிற்சாலை பல்லாண்டுகளாக ராக்கெட் பாகங்கள் செய்து வருகிறது. சந்திரயான் 3 ஏறிச் சென்ற ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார்களுக்கான பெரிய உருக்கு உறைகள் அங்கே உருவானவை. அந்த மோட்டார்கள் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எரியும். பிறகு கழன்று வங்கக் கடலில் விழுந்துவிடும். மாதக் கணக்கில் பாடுபட்டு வளைத்து, பற்றவைத்து, எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்த உருக்கு கடலடியில் போய்ச் சேர்கிறது. செய்தவன் கைக்கு ஒரு துணுக்கும் திரும்புவதில்லை.

அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. மனிதர்களை ஏற்றிச் சென்று திரும்பப் போகும் ககன்யான் கலம், உருகாமல் கரைக்கு வரும். அப்போது நம் தொழிலாளிகளுக்கும் அதேபோல ஒரு பதக்கம் செய்து கொடுத்தால் என்ன? செலவு அதிகமில்லை. உலோகம் கையில் இருக்கிறது. மனசுதான் வேண்டும்.

வானத்திலிருந்து விழுந்த வளையம்

எல்லாப் பொருளும் சொன்னபடி திரும்புவதில்லை. சில, சொல்லாமல் வந்து விழும்.

1979 ஜூலையில் அமெரிக்காவின் 77 டன் ஸ்கைலாப் விழப்போகிறது என்று உலகமே நடுங்கியது. நம் நாட்டிலும் பல ஊர்களில் பீதி. கடைசியில் அது இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. முதல் துண்டைக் கொண்டு வருகிறவருக்கு 10,000 டாலர் என்று சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த 17 வயதுப் பையன் தன் வீட்டருகே விழுந்த துண்டுகளோடு விமானம் ஏறிப் பரிசைத் தட்டிச் சென்றான். ஊரில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது அந்த ஊர் நிர்வாகம்!

மராட்டியத்திலும் இது நடந்தது. 2022 ஏப்ரல் 2-ம் தேதி இரவு சந்திரபூர் மாவட்டத்தில் வானத்தில் நெருப்புக் கோடு தெரிந்தது. சிந்தேவாஹி தாலுகா லாட்போரி கிராமத்தில் மூன்று மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் வந்து விழுந்தது. சுற்று வட்டாரத்தில் உலோகக் குண்டுகளும் கிடைத்தன. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள். கிராமத்தார் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள். விண்வெளித் துறையினர் வந்து ஆராய்ந்தார்கள். செய்ய வேண்டியது அதுதான்.

காரணம் இருக்கிறது. 1967-ம் ஆண்டு சர்வதேச விண்வெளி ஒப்பந்தத்தின்படி, விண்ணில் ஏவிய பொருள் எங்கே விழுந்தாலும் ஏவிய நாட்டுக்கே சொந்தம். கண்டெடுத்தவருக்கு விற்கும் உரிமை கிடையாது. எரிபொருள் மிச்சம் இருந்தால் விஷமாகவும் இருக்கும். ஆகவே தொடக்கூடாது; போலீசுக்கோ தாசில்தாருக்கோ சொல்ல வேண்டும்.

இரிடியம் கலசம் என்ற கண்கட்டு வித்தை

அசலுக்கு இவ்வளவு விலை என்று கேள்விப்பட்ட மோசடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோயில் கலசம், பழைய செம்புப் பாத்திரம் ஆகியவற்றைக் காட்டி, "இடி விழுந்து இரிடியமாக மாறியது, அரிசியை இழுக்கும், ராக்கெட்டுக்கு வேண்டும் என்று நாசா கோடிக்கணக்கில் வாங்குகிறது" என்பார்கள். தமிழ்நாட்டில் இந்த "இரிடியம்" பேச்சில் மயங்கிப் பணத்தை விட்டவர்கள் ஏராளம். 2018-ல் டெல்லியில் ஒரு வியாபாரியிடம் இதே கதையைச் சொல்லி 1 கோடியே 43 லட்சம் ரூபாய் பறித்த தந்தையையும் மகனையும் போலீசார் கைது செய்தார்கள். விண்வெளி வீரர் உடை போன்ற அங்கியைப் போட்டுக்கொண்டு "சோதனை" நடத்திக் காட்டியதாகப் போலீசார் சொன்னார்கள்!

இரிடியம் என்பது உண்மையான உலோகம்தான். பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைப்பது, மிகக் கனமானது. ஆனால் இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறாது. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளைச் சேர்த்துவிட்டு, பாத்திரத்தில் காந்தத்தை ஒளித்துவைப்பதுதான் வித்தை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஜூனா பஜாரில் பழைய நாணயமும் தபால்தலையும் தேடி வாங்குகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அது நல்ல பொழுதுபோக்கு. விண்வெளிப் பொருள் என்று யாராவது காட்டினால் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அது விண்ணுக்குப் போய் வந்ததா, அல்லது போய் வந்ததன் ஞாபகார்த்தமாகப் பூமியில் செய்ததா? இரண்டும் வேறு. 1984-ல் வெளியான தபால்தலை விண்ணுக்குப் போனதல்ல. அதற்கு மதிப்பும் வேறு.

இரண்டாவது, முழுவதும் போய் வந்ததா, கலந்தது மட்டுமா?

மூன்றாவது, எந்தக் கலம், எந்தத் தேதி, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி உண்டா? அத்தாட்சி இல்லாத தகடு, காயலான் கடைத் தகடுதான்.

நான்காவது, அப்பல்லோ சந்திரக் கல் என்றால் விலையே கேட்க வேண்டாம். அவை அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து. பரிசாகக் கொடுத்தவை அந்தந்த நாட்டின் சொத்து. தனியார் விற்பது குற்றம்.

ஐந்தாவது, "முதலில் சோதனைக்குக் கொஞ்சம் பணம் கட்டுங்கள், பிறகு கோடி வரும்" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். நாசாவும் சரி, நம் விண்வெளித் துறையும் சரி, வீடு வீடாகப் போய்க் கலசம் வாங்குவதில்லை. ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

உண்மையான விண்வெளி நினைவுச் சின்னம் உழைத்தவனுக்குக் கிடைத்த மரியாதையாகத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் கோடீசுவரன் ஆக்குகிறேன் என்று வருவது அதற்கு நேர் எதிரானது. ஓவர்டைம் பார்த்து, சீட்டுக் கட்டி, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தை அரிசி இழுக்கும் சொம்பில் போட வேண்டாம்.